ஒரே சட்டியில் கடலுணவு பாஸ்தா: பாட்டி வீட்டிலும் செய்யலாம்

கடந்த பள்ளி விடுமுறையில் அண்ணன் மகன் ஒரு வாரம் கோல சிலாங்கூரில் என் அம்மாவுடன் தங்கியிருந்தான். எட்டு வயது. முதல் நாள் அம்மா இறால் சம்பல் செய்தார். இரண்டாம் நாள் கெம்போங் மீன் பொரித்து ரசம் வைத்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவன் கேட்டானாம்: "பாட்டி, நாளைக்கு மோலுக்குப் போயி பாஸ்தா சாப்பிடலாமா? உங்களுக்குத்தான் அது செய்யத் தெரியாதே."

அன்றிரவு அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். பேரன் மீது கோபமில்லை. "அவன் ஆசைப்படுறத எனக்குச் செய்யத் தெரியலியே பாப்பா" என்று மட்டும் சொன்னார். தோட்டத்து வீட்டில் விறகடுப்பில் சமைக்கத் தொடங்கி, எங்கள் மூவருக்கும் ஐம்பது வகையாவது செய்துபோட்டவர் அவர். அந்தக் குரல் எனக்கு உறுத்தலாக இருந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்று நினைக்கிறேன். தோட்டத்திலும் தாமானிலும் இருக்கும் பல வீடுகளில் பேரப்பிள்ளைகளின் நாக்கு ஒரு பக்கமும் பாட்டியின் அடுப்பு இன்னொரு பக்கமும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் கடலுணவு பாஸ்தா என்பது கடினமான சமையலே அல்ல. தண்ணீரின் அளவும் நேரமும் பிடிபட்டுவிட்டால், மீ கோரிங் செய்யும் கைக்கு இது எளிது. அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவோடு செய்து பார்த்தேன். அதற்கு முன் என் வாடகை வீட்டில் ஒருமுறை செய்து கெடுத்தும் இருந்தேன். இரண்டு அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாஸ்தா என்பது என்ன?

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கடையில் காய்ந்த நிலையில் கிடைக்கும் பாஸ்தா பெரும்பாலும் இரண்டே பொருளால் ஆனது: ஒன்று கோதுமை ரவை, மற்றொன்று தண்ணீர். அந்தக் கோதுமை நாம் சப்பாத்திக்குப் பயன்படுத்தும் வகையல்ல. 'டுரம்' எனப்படும் கடினமான கோதுமை. அதில் புரதம் அதிகம். அதனால்தான் வெந்த பிறகும் பாஸ்தா எளிதில் குழையாமல் உருவத்தோடு நிற்கிறது. மஞ்சள் மீ போல் இதில் காரநீர் சேர்ப்பதில்லை.

நீளமாக இருக்கும் ஸ்பகெட்டிக்கு இத்தாலிய மொழியில் 'சிறு கயிறுகள்' என்று பொருள். சற்றுத் தட்டையான லிங்குயினிக்குச் 'சிறு நாக்குகள்' என்று பொருள். கடலுணவுக்கு இந்த இரண்டும் பொருந்தும். முட்டை சேர்த்த பாஸ்தாவும் விற்கிறார்கள். முட்டை தவிர்ப்பவர்கள் பொட்டலத்தின் பின்புறம் படித்துவிட்டு வாங்குங்கள். அதேபோல், போத்தலில் வரும் சில ஆயத்தச் சாஸ்களில் மாட்டிறைச்சி இருக்கும். மாட்டிறைச்சி உண்ணாத வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். நாம் செய்யப்போவதற்குப் போத்தல் சாஸே தேவையில்லை.

வடித்த சோறும் பொங்கலும்

பாஸ்தாவை வழக்கமாக எப்படிச் சமைப்பார்கள்? பெரிய பானையில் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, பாஸ்தாவை வேகவைத்து, நீரை வடித்துவிடுவார்கள். இன்னொரு சட்டியில் குழம்பு தயாராகும். இரண்டையும் கடைசியில் கலப்பார்கள். இது சோறு வடிப்பது மாதிரி.

ஒரே சட்டி முறை பொங்கல் வைப்பது மாதிரி. அளந்து ஊற்றிய தண்ணீரிலேயே எல்லாம் வேகும். எதையும் வடிப்பதில்லை. பாஸ்தாவிலிருந்து கரையும் மாவுச்சத்து அந்தத் தண்ணீரிலேயே தங்கி, அதைக் கெட்டியாக்குகிறது. சோறு வடித்த கஞ்சி ஆறினால் எப்படித் திக்காகிறதோ, அப்படித்தான் இதுவும். அந்த மாவு நீர், எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கிறது. பாலாடை, மாவு எதுவும் சேர்க்காமலே வழவழப்பான குழம்பு கிடைப்பதன் காரணம் இதுதான்.

பொங்கல் முறையில் பாஸ்தாவா என்று இத்தாலியர் எல்லாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். தென்னித்தாலியின் புலியா மாநிலத்தில் உள்ள பாரி நகரத்தில், ஸ்பகெட்டியை வேகவைக்காமல் நேராக இரும்புச் சட்டியில் போட்டு, தக்காளி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சமைக்கும் பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைக்கும் எளிய வடிவத்தை 2013இல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் அமெரிக்க இதழ் வெளியிட்ட பிறகு, அது உலகெங்கும் வீட்டுச் சமையலறைகளுக்குள் நுழைந்தது.

இந்த முறை நமக்கு வசதியாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரே அடுப்பு போதும். கழுவ ஒரே சட்டிதான். மாலை வேலை முடிந்து வரும் தாய்மார்களுக்கும், ஒற்றை மின் அடுப்போடு வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவர்களுக்கும் இது ஏற்றது.

தேவையான பொருள்கள்

மூன்று பெரியவர்களுக்கு, அல்லது இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு சிறுவர்களுக்கும் இந்த அளவு போதும்.

ஸ்பகெட்டி: 250 கிராம் (500 கிராம் பொட்டலத்தில் சரிபாதி)
தலையோடும் ஓட்டோடும் இறால்: 250 கிராம்
சோத்தோங்: நடுத்தர அளவில் 2
லாலா: 300 கிராம்
நன்கு பழுத்த தக்காளி: 3
பூண்டு: 6 பல்
சின்ன வெங்காயம்: 5
சிலி பாடி: 2 (சிறுவர்களுக்கு என்றால் காய்ந்த மிளகாய் ஒன்றே போதும்)
எண்ணெய்: 3 மேசைக்கரண்டி
தண்ணீர்: 750 மில்லி, அதாவது 250 மில்லி பிடிக்கும் மங்கில் 3
உப்பு: தொடக்கத்தில் அரைத் தேக்கரண்டி மட்டும்
எலுமிச்சை பாதி, கொத்தமல்லித் தழை ஒரு பிடி

ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டில் இருக்கும் சமையல் எண்ணெயிலேயே செய்யலாம். வெளிநாட்டுச் செய்முறைகளில் திராட்சை மது சேர்ப்பார்கள். அதன் புளிப்பைத் தக்காளியும் எலுமிச்சையும் கொடுத்துவிடும். சீஸும் வாங்க வேண்டியதில்லை. மீனுக்கும் சீஸுக்கும் ஒத்துவராது என்பது இத்தாலியில் பலரும் கடைப்பிடிக்கும் பழக்கம். அந்த வகையில் நம் பர்சுக்கும் நிம்மதி.

அன்றைக்கு அம்மாவும் நானும் காலைச் சந்தையில் இறால், சோத்தோங், லாலா மூன்றையும் வாங்க 20 வெள்ளி 50 காசு ஆனது. பாதிப் பொட்டலப் பாஸ்தா, தக்காளி, மற்றவை எல்லாம் சேர்த்து 26 வெள்ளி. முந்திய மாதம் ஒரு பேரங்காடி உணவகத்தில் ஒரே ஒரு தட்டுக் கடலுணவு பாஸ்தாவுக்கு நான் 33 வெள்ளி கொடுத்திருந்தேன். அதில் மூன்று இறால் இருந்தது.

லாலா கிடைக்கவில்லையென்றால் இறாலைக் கூட்டிக்கொள்ளுங்கள். மீன் சேர்க்க விரும்பினால் சியாக்காப், தெங்கிரி போன்ற சதைப்பற்றுள்ள மீனை முள் நீக்கித் துண்டுகளாகப் போடலாம். கெம்போங் வேண்டாம். முள்ளும் அதிகம், வாடையும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கழுவுவதில்தான் பாதி வேலை

லாலாவின் வயிற்றில் மணல் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கரைத்தால் ஏறக்குறைய கடல்நீரின் உப்பு வரும். அதில் லாலாவைப் போட்டு, மேலே ஒரு தட்டு மூடி, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். இருட்டில் அது வாய் திறந்து மணலைக் கக்கும். வெறும் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். மணல் உள்ளேயே தங்கிவிடும். பிறகு எடுத்து நன்றாக அலசுங்கள். எடுக்கும்போது கையால் அள்ளுங்கள். பாத்திரத்தோடு கவிழ்த்தால் கக்கிய மணல் திரும்பவும் அதன் மேலேயே கொட்டும்.

ஓடு உடைந்திருப்பதையும், வாய் திறந்திருந்து தட்டினாலும் மூடாததையும் எறிந்துவிடுங்கள். அது ஏற்கெனவே இறந்துபோனது.

இறாலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்துவிடுங்கள். தலையையும் ஓட்டையும் குப்பையில் போடாதீர்கள். இந்தச் சமையலின் ருசியே அதில்தான் இருக்கிறது. சோத்தோங்கின் தலையை இழுத்தெடுத்து, உள்ளே கண்ணாடி போலிருக்கும் தண்டையும் மைப்பையையும் நீக்கி, தோலை உரித்து, அரை விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டுங்கள். இறாலையும் சோத்தோங்கையும் வெட்டியதும் சமைக்கும் நேரம் வரை குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

உறைய வைத்த இறால் என்றால், முந்திய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். நம் நாட்டு வெயிலில் மேசைமேல் மணிக்கணக்கில் வைத்து உருக்குவது வயிற்றுக்கு வினை.

அடுப்பில்

அகலமான, அடி தட்டையான சட்டி வேண்டும். ஸ்பகெட்டி படுக்கும் அளவுக்கு அகலம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பாதியாக உடைத்துப் போடுங்கள். இத்தாலியர் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் தொல்லையில்லை.

முதலில் எண்ணெயைக் காயவைத்து, இறால் தலையையும் ஓட்டையும் நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். தலைகளைக் கரண்டியால் அழுத்திவிடுங்கள். ஓடு சிவந்து, எண்ணெயும் செம்மஞ்சளாக மாறும். இறாலின் ஓட்டில் அந்த நிறம் முதலிலிருந்தே இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கிறது. சூட்டில் அந்தப் பிடி விட்டுப்போகும்போது நிறம் வெளிவருகிறது. வாசமும் எண்ணெயில் இறங்கும். இப்போது ஓடுகளை அள்ளி எறிந்துவிடலாம்.

அதே எண்ணெயில் நறுக்கிய வெங்காயம், பூண்டு, மிளகாய் போட்டு வதக்குங்கள். பூண்டு பொன்னிறத்தைத் தாண்டக்கூடாது, கசக்கும். பொடியாக நறுக்கிய தக்காளியைச் சேர்த்து, கரையும்வரை வதக்குங்கள்.

தண்ணீர் மூன்று மங்கையும் ஊற்றி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஸ்பகெட்டியைப் போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் அடுப்பைவிட்டு நகரக்கூடாது. அந்த நேரத்தில்தான் மேல் மாவு இளகி ஒன்றோடொன்று ஒட்டும், அடியும் பிடிக்கும். விடாமல் கிளறுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். தீ நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மங்கு சுடுதண்ணீர் வைத்திருங்கள். நீர் சீக்கிரம் வற்றினால் கொஞ்சம் ஊற்றலாம்.

பொட்டலத்தில் வேகும் நேரம் போட்டிருக்கும். பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது நிமிடத்தில் லாலாவைப் போட்டு மூடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் பலவும் வாய் திறந்திருக்கும். ஏழாவது நிமிடத்தில் இறாலையும் சோத்தோங்கையும் சேர்த்துக் கிளறுங்கள். மூன்று நிமிடம் போதும். இறால் தளர்வாக வளைந்து நின்றால் வெந்துவிட்டது. இறுகிச் சுருண்டு வட்டமாகிவிட்டால் வெந்து மிஞ்சிவிட்டது. கடைசிவரை வாய் திறக்காத லாலாவைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

இப்போது உப்பு பாருங்கள். அதற்கு முன் வேண்டாம். குழம்பு இன்னும் சற்று நீர்க்கவே இருக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் தானாகக் கெட்டியாகும். எலுமிச்சையைப் பிழிந்து, கொத்தமல்லித் தழையைத் தூவிக் கிளறினால் சாப்பிடலாம்.

நான் கெடுத்த விதம்

முதல்முறை செய்தபோது மூன்று பிழை செய்தேன். நீங்களும் செய்யக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, உப்பு. 'பாஸ்தா நீர் கடல்போல் உவர்க்க வேண்டும்' என்று எங்கோ கேட்டதை நம்பிக் கைநிறையப் போட்டேன். அது வடிக்கும் முறைக்கான பேச்சு. அங்கே உப்பில் பெரும்பகுதி நீரோடு வெளியே போய்விடும். இங்கே ஒரு துளியும் வெளியே போகாது. நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். லாலாவும் தன் பங்குக்கு உப்பு நீரை விடும். அன்றைக்கு ஒருவராலும் சாப்பிட முடியவில்லை.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டேன். ஒரே சட்டி என்றால் ஒரே நேரம் என்று பொருளல்ல. பத்து நிமிடம் வெந்த சோத்தோங் ரப்பராகிவிடும். அது இரண்டு மூன்று நிமிடத்தில் மென்மையாக இருக்கும். தவறவிட்டால் அரைமணி நேரத்துக்கு மேல் வேகவைத்தால்தான் மீண்டும் மென்மையாகும்.

மூன்றாவது, நீர் முழுவதும் வற்றும்வரை காத்திருந்தேன். தட்டில் போடுவதற்குள் களியாகிவிட்டது. அப்படி ஆனால் கால் மங்கு சுடுதண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், ஓரளவு மீளும்.

பாஸ்தா வெந்த பதத்தை இத்தாலியர் 'அல் தெந்தே' என்பார்கள். 'பல்லுக்கு' என்று அர்த்தம். கடிக்கும்போது நடுவில் சிறிது எதிர்ப்பு இருக்க வேண்டும். நம்மவர் சிலருக்கு அது வேகாத மாதிரி தோன்றும். அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. அவருக்கு மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக வைத்தோம். அதில் குற்றமொன்றுமில்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த முறை அறவே ஆகாது. அந்த ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் கொதித்தாலும் அழிவதில்லை. ஒரே சட்டியில் வேகும்போது அது பாஸ்தா முழுவதிலும் கலந்துவிடும். இறாலை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம். விருந்தினர் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெற்றோரைக் கேட்டுவிடுங்கள்.

கீல்வாதத்தால், அதாவது யூரிக் அமிலத் தொல்லையால் அவதிப்படுவோர் சிப்பியையும் இறாலையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு: டுரம் கோதுமைப் பாஸ்தா, குழையாமல் வெந்திருந்தால், வெள்ளைச் சோற்றைவிட மெதுவாகச் சர்க்கரையாக மாறும். ஆனாலும் அது மாவுச்சத்துதான். அப்பாவின் தட்டில் பாஸ்தாவைக் குறைத்து, கடலுணவைக் கூட்டி, கூடவே வதக்கிய காய்கறி வைத்தோம். தட்டு நிறையப் போட்டுக்கொண்டு 'இது சோறில்லையே' என்று ஆறுதல் தேடக்கூடாது.

லாலா, கிராங் போன்ற சிப்பிகளை அரைவேக்காட்டில் சாப்பிடுவது ஆபத்து. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமி அப்படிப் பரவக்கூடும். இன்னொன்று, சில காலங்களில் கடலில் நச்சுப் பாசி பெருகிச் சிப்பிகளுக்குள் சேரும். அந்த நச்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் கடற்பகுதிச் சிப்பிகளைச் சாப்பிட வேண்டாமென்று அதிகாரிகள் எச்சரித்தது அதனால்தான். அத்தகைய அறிவிப்பு வந்தால் லாலாவை விட்டுவிட்டு இறாலும் சோத்தோங்குமாகச் செய்யுங்கள்.

மிச்சமிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே நன்கு சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

அம்மாவின் திருத்தம்

முதல் சட்டி மேசைக்கு வந்ததும் அண்ணன் மகன் தட்டை முகர்ந்து பார்த்தான். மோலில் விற்பது மாதிரி இல்லையென்றான். ஆனால் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டான். லாலா ஓடுகளை மேசையில் வரிசையாக அடுக்கி எண்ணினான். அம்மா அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தன் தட்டில் கை வைத்தார்.

அவர் ஒரு திருத்தமும் சொன்னார். பூண்டு வதங்கும்போது ஒரு ஆர்க்குக் கறிவேப்பிலை போட்டால் இறால் வாடை அடங்கும் என்றார். அடுத்தமுறை அப்படியே செய்தோம், நன்றாகவே இருந்தது. மசாலாத்தூளை மட்டும் போட வேண்டாமென்று நான் தடுத்தேன். தூள் போட்டால் கடல் ருசி மறைந்து, அது வெறும் மீ கோரிங் ஆகிவிடும். அதில் இன்னும் எங்களுக்குள் வழக்கு முடியவில்லை.

இப்போது அம்மா வீட்டு நாள்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் மூன்று வரி எழுதியிருக்கிறது: தண்ணி 3 மங்கு, 5இல் லாலா, 7இல் இறால், சோத்தோங். இந்தச் செய்முறையில் நினைவில் வைக்க வேண்டியதும் அவ்வளவுதான். வரும் விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், காலைச் சந்தையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக லாலாவை உப்பு நீரில் போட்டுவையுங்கள். பகல் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.